அமெரிக்கக் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறவர்களுக்கு: ‘யூனியன் ரூல்’ என்று சொல்லி வாங்கப்படும் பணம்

சிகாகோவின் கண்காட்சி அரங்கமான மெக்கார்மிக் பிளேஸில் ஸ்டால் போட்டுத் திரும்பிய ஒரு கோவை நிறுவனத்தின் பில்களை வரிவரியாகப் பார்த்த பிறகு இதை எழுதுகிறோம். 20க்கு 20 அடி ஸ்டால். இங்கே ஆபீஸ் வைத்திருக்கும் ஸ்டால் கான்ட்ராக்டர் ஒருவர் (இனி ஏஜென்ட் என்போம்) “எல்லாம் சேர்த்து ஒரே ரேட்” என்று கொட்டேஷன் கொடுத்து வேலையை எடுத்திருக்கிறார். கண்காட்சி முடிந்த பிறகு இரண்டாவது பில் வந்தது. கூலி, சரக்குக் கையாளுதல், மின்சாரம், ஓவர்டைம் என்று நீளும் அந்தப் பில்லுக்கு விளக்கம் கேட்டால் ஒரே பதில்தான்: “அமெரிக்கா சார், யூனியன் ரூல்.” அந்தப் பில்லில் பல வரிகள் எந்த யூனியன் விதியிலும் இல்லாதவை. மற்றவை முன்கூட்டியே ஒரு படிவம் நிரப்பியிருந்தால் வந்தே இருக்காது.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கண்காட்சி அமைப்பாளர், அரங்க வேலைகளைப் பொதுவாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஜெனரல் கான்ட்ராக்டரை நியமிப்பார். ஃப்ரீமன், ஜிஇஎஸ் இரண்டும் இதில் பெரியவை. அந்தக் கான்ட்ராக்டருக்கும் உள்ளூர் யூனியன்களுக்கும் உள்ள ஒப்பந்தம்தான் எந்த வேலை யாருடையது என்று முடிவு செய்கிறது. சிகாகோவில் ஸ்டால் கட்டுவது கார்பென்டர்கள், லாரியிலிருந்து ஸ்டால் வரை சரக்கு டீம்ஸ்டர்ஸ் யூனியனின் 727ஆம் கிளை, மின்சாரம் ஐபிஇடபிள்யூ என்ற எலக்ட்ரீஷியன் யூனியனின் 134ஆம் கிளை, கனமான எந்திரத்தை நகர்த்தி நிறுத்துவது ரிக்கர்கள். லாஸ் வேகஸில் ஸ்டால் கட்டுவதும் சரக்கும் டீம்ஸ்டர்ஸ் 631 கையில். நெவாடா ‘ரைட் டு வொர்க்’ மாநிலம், அங்கே யூனியன் தொல்லை கிடையாது என்று சில ஏஜென்ட்டுகள் சொல்கிறார்கள். தவறு. 1947இன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தின் 14(b) பிரிவு தரும் அந்த உரிமை, தொழிலாளியை யூனியனில் சேரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்கானது. அரங்கத்துக்குள் வேலை யாருக்கு என்ற ஒப்பந்தத்தை அது தொடுவதில்லை.

இனி சிகாகோ. 2009 கண்காட்சிக்குப் பிறகு என்பிஇ என்ற பெரிய பிளாஸ்டிக் கண்காட்சி, செலவு தாங்காமல் 2012 முதல் ஆர்லாண்டோவுக்குப் போவதாக அறிவித்தது. அந்த அதிர்ச்சியில், சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டமன்றம் 2010இல் கண்காட்சியாளர் உரிமைகளைச் சட்டமாக்கியது. யூனியன்கள் வழக்குப் போட்டு 2011 மார்ச்சில் ஃபெடரல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் கார்பென்டர்களும் டீம்ஸ்டர்களும் அரசுடன் உடன்பாட்டுக்கு வந்தார்கள், உரிமைகள் பெரும்பாலும் நிலைத்தன. இதன்படி உங்கள் நிறுவனத்தின் முழுநேர ஊழியர்கள், ஸ்டால் எத்தனை பெரிதாக இருந்தாலும், தங்கள் ஏணியையும் கைக்கருவிகளையும் பேட்டரி டிரில் உட்பட பவர் டூல்களையும் வைத்து ஸ்டாலைக் கட்டலாம், பிரிக்கலாம். கிராஃபிக்ஸ் ஒட்டலாம். டிவி, கம்ப்யூட்டர், சொந்த மின்சாதனங்களை இணைத்து பிளக்கில் செருகலாம். ஒரு வேலைக்கு யூனியன் ஆட்களின் குழுவில் 2 பேருக்கு மேல் போட வேண்டுமானால் பாதுகாப்புக் காரணம் இருக்க வேண்டும், அதையும் உங்களிடம் பேசிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இந்த நிறுவனத்துக்கு என்ன நடந்தது? தயாராக வந்த பேனல்களை மாட்டவும் மானிட்டர் வைக்கவும் 4 பேர், முழு நாள் கூலி. “நீங்கள் ஸ்குரூடிரைவர் தொட்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள்” என்று சொல்லி அவர்களுடைய இரண்டு இன்ஜினியர்களைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். மெக்கார்மிக் பிளேஸில் அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் ‘முழுநேர ஊழியர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே கூட்டிப்போன உறவினர், உள்ளூரில் பிடித்த மாணவர், ஏஜென்ட்டின் ஆள் இதில் சேர மாட்டார்கள். கம்பெனி அடையாள அட்டையும் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பதற்கான கடிதமும் கையில் இருக்கட்டும்.

எல்லா ஊருக்கும் இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிலடெல்பியாவில் 2014 ஒப்பந்தத்துக்குப் பிறகு 600 சதுர அடி வரை உங்கள் ஆட்களே ஏணி, பவர் டூலோடு கட்டலாம், அதற்கு மேல் யூனியன் ஆள் வேண்டும். லாஸ் வேகஸில் முழுநேர ஊழியர்கள் கட்டலாம், ஆனால் சரக்கைக் கையில் தூக்கி வர மட்டும்தான் பொதுவாக அனுமதி, சக்கர வண்டி கூடாது. சிகாகோவிலோ சொந்த வண்டியில் வந்து, குறித்த இடத்தில் நிறுத்தி, மோட்டார் இல்லாத தள்ளுவண்டியில் கொண்டு போகலாம். ஸ்டால் போடுகிறவர்களுக்கு அமைப்பாளர் தரும் எக்ஸிபிட்டர் மேனுவலில், எந்த வேலை யாருடையது என்று சொல்லும் ‘லேபர் ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்ற பக்கம் பொதுவாக இருக்கும். கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஏஜென்ட்டிடம் கேட்காமல் அமைப்பாளரின் இணையதளத்திலிருந்து நீங்களே எடுத்துப் படியுங்கள்.

அடுத்து டிரேயேஜ், அதாவது சரக்குக் கையாளும் கட்டணம். அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். லாரிக்காரருக்குக் கொடுத்த வாடகை அரங்கத்தின் வாசலோடு முடிந்துவிடும். வாசலிலிருந்து ஸ்டாலுக்கு, காலிப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துத் திருப்பித் தருவதற்கு, மறுபடி லாரியில் ஏற்றுவதற்கு எல்லாம் சேர்த்து 100 பவுண்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். எடை அடுத்த நூறுக்கு மேலே ஏற்றப்படும், ஒவ்வொரு வரவுக்கும் குறைந்தபட்சம் பெரும்பாலும் 200 பவுண்டு. இந்த நிறுவனத்தின் கேட்லாக்கும் சாம்பிள்களும் 5 அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றும் சுமார் 30 பவுண்டு. ஏஜென்ட் அவற்றைக் கூரியரில் தனித்தனியாக அனுப்பினார், தனித்தனி நாட்களில் வந்து சேர்ந்தன. 150 பவுண்டுச் சரக்குக்கு 1,000 பவுண்டுக்கான கட்டணம். ஒரே பேலட்டில் கட்டி ஒரே ரசீதில் அனுப்பியிருந்தால் 200 பவுண்டோடு முடிந்திருக்கும். கணக்குக்காக 100 பவுண்டுக்கு 150 டாலர் என்று வைத்தால், 300 டாலரில் முடிய வேண்டியது 1,500 ஆனது.

பெட்டியில்லாமல் போர்வை சுற்றி வந்த சரக்கு, ஒரே லாரியில் கலந்து அடுக்கிய சரக்கு, எடைச்சீட்டு இல்லாதது, குறித்த நேரம் தவறி வந்தது, இவை ஒவ்வொன்றுக்கும் மேல்கட்டணம் உண்டு. எடைச்சீட்டு இல்லாவிட்டால் அவர்கள் போடும் எடைதான் எடை. கண்காட்சிக்கு முன்பே சரக்கை வாங்கி வைக்கும் அட்வான்ஸ் கிடங்குக்கு அனுப்புவதா, நேராக அரங்கத்துக்கா என்பதையும் ஏஜென்ட்டிடம் விட்டுவிடக் கூடாது. கடல் வழியில் தாமதம் சாதாரணம் என்பதால் கிடங்குதான் பாதுகாப்பு. மேலே தொங்கும் போர்டு இருந்தால் அதைத் தனிப் பெட்டியில், அதற்கென்றே உள்ள லேபிளோடு கிடங்குக்கு அனுப்புங்கள். மற்ற சரக்கோடு கலந்தால், அதைத் தேடி எடுக்கும் வரை ரிக்கர்கள் காத்திருக்கும் நேரமும் உங்கள் கணக்கில் ஏறும்.

கூலிக்கு வருவோம். பொதுவாக ஆளுக்குக் குறைந்தது 1 மணி நேரம், பிறகு அரை மணிக் கணக்கு. காலையில் வரும் முதல் குழுவுக்கு மட்டும்தான் நேரம் உறுதி, பகலில் கேட்ட ஆட்கள் முந்தைய வேலை முடிந்துதான் வருவார்கள். அரங்கத்தில் உள்ள ஜெனரல் கான்ட்ராக்டரின் சர்வீஸ் டெஸ்க்கில் நீங்களே போய் ஆட்களைப் பதிவு செய்து கூட்டி வர வேண்டும், முடிந்ததும் அங்கேயே போய் நேரத்தை முடித்துக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கோவை நிறுவனத்தில் யாரும் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை, ஏஜென்ட்டின் ஆள் கையெழுத்திட்டிருக்கிறார். மதிய உணவுக்கு முன்பே கிளம்பிவிட்ட ஆட்களுக்கு மாலை வரை கூலி. தொழிலாளிகள் செய்த தவறு இல்லை இது. அவர்கள் சீட்டில் ஒரு நேரம், ஏஜென்ட் பில்லில் வேறு நேரம் இருக்கலாம். அதனால் ஜெனரல் கான்ட்ராக்டரின் மூல இன்வாய்ஸைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

சனிக்கிழமை பொதுவாக ஒன்றரை மடங்கு, ஞாயிறும் விடுமுறையும் இரண்டு மடங்கு. கொட்டேஷன் போடும்போதே எந்தக் கிழமை கட்டுகிறார்கள், எந்தக் கிழமை பிரிக்கிறார்கள் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். முன்பதிவுக் கடைசித் தேதியைத் தவறவிட்டால் மின்சாரம், கார்பெட், கூலி எல்லாம் ஃப்ளோர் ரேட்டுக்கு, அதாவது தாமதமாகக் கேட்பவர்களுக்கான கூடுதல் ரேட்டுக்குப் போய்விடும். நாம் பார்த்த பில்லில் கார்பெட்டும் மின்சாரமும் ஃப்ளோர் ரேட்டில் இருந்தன. கோவையிலிருந்து பணம் இரண்டு மாதம் முன்பே போய்விட்டது. ஏஜென்ட்தான் ஆர்டரைத் தாமதமாகப் போட்டிருக்கிறார், அந்த வித்தியாசத்தை ஏஜென்ட்தான் ஏற்க வேண்டும்.

மின்சாரத்தில் இன்னொன்று. நடுவில் நிற்கும் ஐலண்ட் ஸ்டாலுக்குப் பவர் எங்கே வர வேண்டும் என்று வரைபடம் கொடுக்காவிட்டால் எலக்ட்ரீஷியன் தன் வசதிப்படி ஓரிடத்தில் விடுவார். பிறகு கார்பெட்டைத் தூக்கி, ஒயரை மாற்றி, மறுபடி விரிப்பதற்குக் கூலி தனி. அங்கே கிடைப்பது 120, 208, சில இடங்களில் 480 வோல்ட், எல்லாம் 60 ஹெர்ட்ஸ். நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் ஃப்ரீக்வென்ஸி மாறாது. அந்த மோட்டாரில் ஓடும் பம்ப் 20 சதவீதம் வேகமாக ஓடும், சக்தித் தேவை வேகத்தின் மும்மடிப்படி ஏறுவதால் சுமார் 1.73 மடங்கு ஆகும், மோட்டார் டிரிப் ஆகும். ஃப்ரீக்வென்ஸியை மாற்றித் தரும் விஎஃப்டி கருவியை வைத்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள்.

“யூனியன் ஆளுக்கு டிப்ஸ்” என்று 200, 300 டாலர் ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜெனரல் கான்ட்ராக்டர்களின் மேனுவலிலேயே டிப்ஸ் தடை எழுதப்பட்டிருக்கும். கேட்டவர் தொழிலாளியோ ஏஜென்ட்டோ, அமைப்பாளரின் ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்லுங்கள்.

ஏஜென்ட் தன் ஆட்களை வைத்துக் கட்டுவதாக இருந்தால் அவர் ‘ஈஏசி’ (கண்காட்சியாளர் தானே நியமித்த கான்ட்ராக்டர்) என்று முன்கூட்டியே, பெரும்பாலும் 30 நாள் முன், பதிவு செய்து இன்ஷூரன்ஸ் சான்று கொடுத்திருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அவரை ஹாலுக்குள் வேலை செய்ய விடமாட்டார்கள். கடைசி நிமிடத்தில் ஜெனரல் கான்ட்ராக்டரின் ஆட்களை எடுப்பார், செலவு உங்கள் தலையில். பதிவு உறுதிப்படுத்திய மின்னஞ்சலை நேராக அமைப்பாளரிடமிருந்து வாங்குங்கள்.

திரும்பி வரும் நாளில்தான் பலர் கவனம் இழக்கிறார்கள். பொருளைக் கட்டி வைத்துவிட்டு விமானத்துக்குப் போய்விடக் கூடாது. எம்ஹெச்ஏ என்ற வெளியேற்றப் படிவத்தை நிரப்பி சர்வீஸ் டெஸ்க்கில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலோ, உங்கள் லாரி குறித்த நேரத்தில் செக்‌இன் செய்யாவிட்டாலோ, சரக்கை அவர்களுடைய லாரியில் ஏற்றி விருப்பப்படி அனுப்பிவிட்டு, வாடகையை உங்களிடம் வாங்குவார்கள். எந்திரம் தற்காலிக இறக்குமதிப் பிணையில் (வரி கட்டாமல், திருப்பி அனுப்புவதாக உறுதி கொடுத்து) போயிருந்தால் இது இன்னும் ஆபத்து: ஏற்றுமதிக்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் பொதுவாக வரியைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டிவரும்.

கண்காட்சியின் கடைசி நாளுக்கு முந்தைய மாலை சர்வீஸ் டெஸ்க்குக்குப் போய் உங்கள் ஸ்டால் எண்ணைச் சொல்லி அன்று வரையிலான பில்லை அச்சிட்டுக் கேளுங்கள். எடை, ஆட்கள், மணி, ரேட் நான்கையும் உங்கள் சீட்டுகளோடு ஒப்பிட்டு, தவறு இருந்தால் அங்கேயே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். எடைச்சீட்டும் கையெழுத்திட்ட நேரச்சீட்டும் கையில் இருந்தால் அதே இடத்தில் பேசலாம். ஹால் மூடிய பிறகு அதே திருத்தத்துக்கு மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும்.