மீனும் காயும் ஒரே தட்டில்: ஓடிஜியா, ஏர் ஃப்ரையரா?

என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, அதாவது கேக் சுடவும் மீன் வறுக்கவும் உதவும் சின்ன மின்சார அவன். தங்கையிடம் இருப்பது, கூடையில் வைத்ததைச் சூடான காற்றைச் சுழலவிட்டு வறுக்கும் 4 லிட்டர் ஏர் ஃப்ரையர். அவள் வீடு மாறியபோது அதைக் கொண்டுவந்து இரண்டு மாதம் என் சமையல் மேடையில் வைத்திருந்தாள். திரும்ப எடுத்துப்போக வந்த நாளில், "அக்கா, மாற்றிக்கொள்ளலாமா? நீ இதை வைத்துக்கொள், நான் அதை எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டாள். கொஞ்சமும் யோசிக்காமல் மறுத்துவிட்டேன். ஏன் என்று அவளிடம் சரியாகச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தோசைக்கல்லைப் பேசி முடித்துவிடலாம். பழகிய இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் விட்டுப் பொரித்த வஞ்சிரத்தின் சுவையை இந்த இரண்டு பெட்டிகளுமே தொடாது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், திருப்பிப் போட வேண்டும், தெறிக்கும் எண்ணெயைத் துடைக்க வேண்டும். இரவு ஏழரைக்கு வேலையிலிருந்து வந்து, ஒரு அடுப்பில் சோறும் இன்னொன்றில் ரசமும் வைக்கும் நாளில் மூன்றாவதாக ஒரு கை எனக்கு இல்லை.

விலை, மின்சாரம் இரண்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. என்னுடையது 1500 வாட், அவளுடையது 1400. இரண்டையும் 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் செருக வேண்டும். கைபேசி சார்ஜ் செய்யும் சின்ன 6 ஆம்பியர் பாயின்ட் இந்தச் சுமையைத் தாங்காது.

வேகத்தில் ஏர் ஃப்ரையர் முந்தும் என்பார்கள். ஒருவருக்கோ இருவருக்கோ என்றால் உண்மைதான். ஓடிஜி சூடேறவே பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் நான்கு பேர். அவளுடைய கூடையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் மூன்று வஞ்சிரத் துண்டுகள்தான் கிடக்கும். ஆறு துண்டுக்கு இரண்டு முறை, காய்க்கு இன்னொரு முறை என்று கணக்குப் போட்டால் அதுவும் நாற்பது நிமிடம்தான். அதற்குள் முதலில் வெந்த மீன் ஆறிப்போயிருக்கும்.

ஓடிஜியில் ஒரே தட்டுதான். மேலும் கீழும் உள்ள சூடேற்றும் கம்பிகள் இரண்டும் எரிய, 200 டிகிரிக்குச் சூடேற்றுகிறேன். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் விரல் தடிமனில் நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிசிறி முதலில் உள்ளே தள்ளிவிடுவேன். காயை ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். தண்ணீர் இருந்தால் வறுபடாமல் அவிந்துபோகும். பதினைந்து நிமிடம் கழித்துத் தட்டை வெளியே எடுத்து, காயை ஓரங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது தடவிய மீனை நடுவில் வைக்கிறேன். குடைமிளகாயும் வெங்காயமும் இப்போதுதான் சேர வேண்டும். இன்னும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். முள்கரண்டியால் லேசாக நெம்பினால் சதை நடுமுள்ளை விட்டு விலகும், அதுதான் பதம். கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டால் மசாலா மொறுமொறுக்கும். எலுமிச்சையைப் பிறகு பிழிந்துகொள்ளலாம். மீனிலிருந்து வடிந்த மசாலா ஊறிய உருளைக்கிழங்குக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை. தனித்தனியாகச் சமைத்தால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

ஆனால் நான் மாற்றிக்கொள்ள மறுத்ததற்குக் காரணம் சுவையல்ல, கழுவுவது.

மீன் சமைத்தவர்களுக்குத் தெரியும், சாப்பிட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. ஏர் ஃப்ரையர் கூடையின் துளைகளில் மீன் தோல் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும் என்ற பயம்; தேய்க்காவிட்டால் மறுநாள் வாடை. கூடைக்குக் கீழே எண்ணெய், கூடைக்கு மேலே சூடேற்றும் கம்பிச்சுருளில் தெறித்த மசாலா. இதைத் துடைக்க ஆறிய பிறகு பெட்டியையே கவிழ்க்க வேண்டும். இரவு பத்தரை மணிக்கு அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பழைய பல்துலக்கியால் துடைத்த ஒரு நாளில்தான் நான் எந்தக் கட்சி என்பது முடிவானது.

ஓடிஜி துப்புரவானது என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய் கீழ்க் கம்பியில் சொட்டிவிட்டால் இதைவிட மோசம். பெட்டியைக் கழுவவும் முடியாது, கம்பியை நனைக்கவும் கூடாது. சொட்டவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு நம்மிடம் வாழையிலை இருக்கிறது. இலையை அடுப்பில் வாட்டி, தட்டின் அளவுக்குள் நறுக்கி விரிக்கிறேன் (வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கருகிப் புகையும்). அதன்மேல் காயும் மீனும். சாப்பிட்டதும் இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தட்டில் ஒரு துடைப்பு போதும். அலுமினியத் தாளையும் முயன்று பார்த்தேன். எலுமிச்சையும் புளியும் பட்ட இடத்தில் கருத்து ஓட்டை விழுகிறது. அதே இலையை ஏர் ஃப்ரையரில் விரித்தால் துளைகள் அடைபட்டுக் காற்று சுற்றாது. மீனின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கும். லேசான காகிதம் என்றால் காற்றில் பறந்து அந்தக் கம்பிச்சுருளில் போய் ஒட்டும்.

வாடைக்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. சமைத்த பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் வைத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றி, இரவு முழுக்க ஓடிஜியின் கதவைத் திறந்து வைக்கிறேன். வஞ்சிரம், கொடுவாய்க்கு அது போதும். ஒருமுறை மத்தி வைத்துவிட்டு மறுநாள் கேக் செய்தேன். முதல் வாயிலேயே மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதிலிருந்து மத்தியும் அயிலையும் தோசைக்கல்லுக்கே.

சொல்ல வேண்டிய இன்னொன்று: நான் பழகியது இழுப்பறை போன்ற கூடை வைத்த ஏர் ஃப்ரையரில் மட்டும். தட்டுகள் அடுக்கும் பெரிய வகையில் சமைத்ததில்லை. அதில் இலை வேலை செய்யலாம். கூடையின் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கும் என் இரண்டு மாதம் சாட்சியாகாது.

ஒன்றில் மட்டும் தங்கை ஜெயித்துவிட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரம் விலை கைக்கெட்டாது. வீட்டில் நெத்திலிக் கருவாடுதான். அது ஏர் ஃப்ரையரில் ஆறே நிமிடத்தில் கடலை போல மொறுமொறுவென்று ஆகிறது. என் ஓடிஜியில் பாதி கருகும், பாதி ரப்பராகும். அந்த இரண்டு மாதம் கருவாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன். கூடையை அவளே கழுவிக்கொள்கிறாள்.