புதுப் போன் எங்கே வாங்குவது: கிருஷ்ணகிரிக் கடையா, பெங்களூருவா, அமெரிக்க மாமாவா?

புதுப் போன் வெளியானாலும் அது தங்கள் சிம் நிறுவனத்துக்கு வரும்வரை அமெரிக்கர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2007-ல் வந்த முதல் ஐபோனை அங்கே ஏடி அண்ட் டி என்ற சிம் நிறுவனம் மட்டுமே விற்றது. போட்டி நிறுவனமான வெரைசானின் வாடிக்கையாளர்களுக்கு ஐபோன் கிடைத்தது 2011 பிப்ரவரியில்தான். நம் ஊரில் போன் வேறு, சிம் வேறு. ஆனாலும் நமக்கும் காத்திருப்பு தப்பவில்லை. ஓசூர்ப் பக்கம் டாடா ஆலையில் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. அதே மாவட்டத்தின் தலைநகரான கிருஷ்ணகிரியில், "இன்னும் சரக்கு வரவில்லை அண்ணா, அடுத்த வாரம் பாருங்கள்" என்கிறார் கடைக்காரத் தம்பி.

அடுத்த வாரம்வரை பொறுக்காதவர்களுக்குப் பெங்களூரு இருக்கிறது. சுமார் 90 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது; பஸ்ஸில் போய், நெரிசலில் சிக்கித் திரும்பினால் ஒரு நாள் காலி. ஜிஎஸ்டி இரு மாநிலத்திலும் 18 சதவீதம்தான் என்பதால் வரியில் லாபம் எதுவுமில்லை. விரும்பிய நிறம் கிடைக்கலாம், அவ்வளவே. பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த எண் என 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் ஜாதகம் வந்துவிடும்.

இணையத்தில் முன்பதிவு செய்வது சோம்பேறிக்கு உகந்த வழி. எனக்கும் உகந்ததாகத்தான் இருந்தது, இரண்டு நாள் என்றவர்கள் ஒன்பதாம் நாள் வந்து, தெருமுனையில் நின்றுகொண்டு "நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்வரை.

அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி வாங்குவதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது; போனுக்குள்ளேயே மென்பொருளாகப் பதியும் இ-சிம் மட்டும்தான். தவணையில் எடுத்த போனாக இருந்தால், கடன் தீரும்வரை வேறு சிம்மை ஏற்காதபடி அங்குள்ள சிம் நிறுவனம் போட்ட பூட்டும் கூடவே வரலாம். மாமாவிடம் சாக்லேட் கேளுங்கள்.

எனவே நான் உள்ளூர்க் கடையின் பக்கம். பழைய போனை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள், படங்களையும் எண்களையும் புதியதற்கு மாற்றிக் கொடுப்பார்கள், கோளாறு என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். முந்திக்கொண்டவர்கள் எல்லோரும் முன்னதாகவே பயன்பெறுவதும் இல்லை. 2022 அக்டோபர் 1-ல் நாட்டில் 5ஜி தொடங்கியபோது, கையில் 5ஜி போன் வைத்திருந்த பலருக்கு அது வேலை செய்யவில்லை. ஐபோன்காரர்கள் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 மென்பொருள் வரும்வரை 4ஜியில்தான் ஓட்டினார்கள்.

நிறத்துக்காக அலைவதைவிட, உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே எந்த சிம் எடுக்கிறது என்று பார்ப்பது முக்கியம். தர்மபுரி பஸ் நிலையத்தில் எதுவும் எடுக்கும். பென்னாகரம், அஞ்செட்டி மலையோரங்களில் கதை வேறு. 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வாங்கியது ஜியோ மட்டும்தான். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஊடுருவும். ஜியோக்காரர்கள் போனின் விவரப் பட்டியலில் 5ஜி பகுதியில், அந்த 700-ஐக் குறிக்கும் என்28 என்ற பேண்டு (அலைவரிசைப் பிரிவு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஎஸ்என்எல் தன் 4ஜியை 700, 2100 மெகாஹெர்ட்ஸில் தருவதால், அதை நம்பியிருப்பவர்கள் 4ஜி வரிசையில் முறையே 28, 1 என்ற இரண்டு பேண்டுகளையும் தேட வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸை வாங்காத ஏர்டெல்லின் 5ஜிக்கு என்78 என்ற பேண்டு முக்கியம். ஓரளவு புதிய 5ஜி போன்களில் அது பெரும்பாலும் இருக்கும்.

கையிலிருக்கும் போன் செத்தேவிட்டது என்றால் சென்ற ஆண்டு மாடலை வாங்கிவிடுங்கள். புதியது வந்ததும் அதன் விலை இறங்குவது வழக்கம். என்னுடையது இன்னும் சாகவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டேன். கறுப்பு வந்தால் கூப்பிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.