கண்குழி எக்ஸ்ரே பழக ரெசின் தலை ஃபேன்டம்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

கண்குழிக்குப் பொசிஷன் வைக்கச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சக மாணவரின் தலையைத் திருப்பிச் சாய்த்துப் பார்க்கலாம், ஆனால் எக்ஸ்போஷர் கொடுக்க முடியாது. படம் வராதவரை 5 டிகிரி பிசகியது யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் கல்லூரிகள் தலை ஃபேன்டம் (எக்ஸ்ரே எடுத்துப் பழகும் மாதிரித் தலை) வாங்குகின்றன. இங்கே பார்ப்பது, உண்மையான மண்டை ஓட்டை ஒளி ஊடுருவும் ரெசினுக்குள் பதித்து, முகவெட்டோடு வார்த்த வகையை. கழுத்தின் மேல்பகுதியோடு முடிந்துவிடும், தாடை அசையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கால்ட்வெல் (டியூபைக் கால் பக்கம் சாய்த்து எடுப்பது), வாட்டர்ஸ் (முகவாயைத் தூக்கி எடுப்பது) ஆகிய இரண்டு பொசிஷனுக்கும் இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கடினம். பார்வை நரம்புத் துளையைக் காட்டும் ரீஸ் பொசிஷனுக்குப் பாதி உதவும். கண்ணில் உலோகத் துகள் தேடும் படத்துக்கு ஏறக்குறைய உதவாது.

இதன் பலம் பெட்ரஸ் ரிட்ஜில் (உட்காதைத் தாங்கும் அடர்ந்த எலும்பு மேடு) இருக்கிறது. தலை எவ்வளவு நிமிர்ந்தது, டியூப் எவ்வளவு சாய்ந்தது என்பதற்கு அதுவே அளவுகோல். ஓஎம்எல் கோட்டை (கண்ணின் வெளி ஓரத்திலிருந்து காதுத்துளை வரை போவது) டிடெக்டருக்குச் செங்குத்தாக வைத்து, டியூபைக் கால் பக்கம் 15 டிகிரி சாய்த்து, கதிர் நேசியான் (மூக்கின் வேர்) வழியே வெளியேறும்படி எடுத்தால், ரிட்ஜ் கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் விழ வேண்டும். அதே தலையை அசைக்காமல் டியூபை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் ரிட்ஜ் கண்குழியின் கீழ் விளிம்புக்கும் கீழே இறங்கி, கண்குழி முழுவதும் மறைப்பின்றித் தெரியும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே பாடம் முடிந்தது. நோயாளியிடம் இப்படி ஒப்பிட்டுக் காட்ட வழியே இல்லை.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, கண்ணின் வெளி ஓரத்துக்குப் பதில் கண்குழியின் கீழ் விளிம்பைப் பிடித்துக் கோடு போடுவது. அதாவது ஓஎம்எல்லுக்குப் பதில் ஐஓஎம்எல். இரண்டுக்கும் இடையே 7 முதல் 8 டிகிரிதான், ஆனால் முகவாய் அந்த அளவு கூடுதலாகத் தூக்கிவிடும். 15 டிகிரி கால்ட்வெல்லில் ரிட்ஜ் கீழ் விளிம்பை ஒட்டி இறங்கியிருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஃபேன்டத்தில் வேண்டுமென்றே இந்தத் தவறைச் செய்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வாட்டர்ஸில் ஓஎம்எல் டிடெக்டரோடு 37 டிகிரி. ரிட்ஜ் மேக்சில்லரி சைனஸுக்கு (கன்ன எலும்புக்குள் உள்ள காற்றறை) சற்றுக் கீழே நிற்கும். மாடிஃபைடு வாட்டர்ஸில் 55 டிகிரி. ரிட்ஜ் சைனஸின் கீழ்ப்பாதியில் விழும், கண்குழியின் தரை கதிருக்கு இணையாக வந்து மெல்லிய கோடாகத் தெரியும். தரை உடைந்து கீழே தொங்கும் ப்ளோ-அவுட் முறிவுக்கு இந்தப் பொசிஷனைக் கேட்பதன் காரணமும் அதுதான். (சிடி இருக்கும் இடத்தில் முறிவுக்குச் சிடிதான், அதில் விவாதமில்லை.) இந்தத் தரைக்கோடு உண்மையான எலும்பில்தான் ஒழுங்காக வருகிறது. எலும்பையும் செயற்கையாக வார்த்த மலிவான ஃபேன்டங்களில் தரையும் உட்சுவரும் தடித்தே இருக்கும். உட்சுவர் காகிதம்போல் மெலிந்த எலும்பு, அதை அச்சில் வார்ப்பது லேசல்ல.

வாங்குமுன் அவசியம் ஒரு வாட்டர்ஸும் ஒரு லேட்டரலும் (பக்கவாட்டுப் படம்) எடுத்துப் பார்க்க வேண்டும். வார்க்கும்போது ரெசின் சைனஸுக்குள் புகுந்திருந்தால் காற்றின் கருமை போய், ரிட்ஜ் எங்கே நிற்கிறது என்று பிரித்தறிய முடியாது. அந்த ஃபேன்டம் இந்த வேலைக்குப் பயன்படாது. தாடையைப் பிடித்திருக்கும் கம்பி, ஸ்பிரிங் எதுவும் கண்குழி மேல் விழுகிறதா என்பதையும் அதே படத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: உண்மையான மண்டை ஓடு என்பதால் இடமும் வலமும் அச்சுப்பிசகாமல் ஒத்திருக்காது. தலை திரும்பியிருக்கிறதா என்று அறிய, கண்குழியின் வெளி விளிம்பிலிருந்து மண்டை ஓரம் வரை இருபுறமும் அளந்து பார்ப்பது வழக்கம். ஃபேன்டத்தில் இயல்பாகவே 2, 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் மாணவர் இல்லாத தவறைத் திருத்திக்கொண்டிருப்பார். சிடியில் ஒருமுறை வைத்து அந்த வித்தியாசத்தை அளந்து, ஃபேன்டத்தின் அடியில் எழுதி ஒட்டிவிடலாம்.

உள்ளே எலும்பு தெரிவது பெரிய வசதி என்றுதான் விற்பார்கள். பாதி உண்மை. வளைந்த ரெசின் பரப்பில் ஒளி விலகும், எக்ஸ்ரே விலகாது. கோலிமேட்டரின் (கதிர் விழும் பரப்பை ஒளியால் காட்டும் பெட்டி) சிலுவை நிழல் உள்ளே எலும்பின் மேல் விழும் இடமும் கதிர் போகும் இடமும் ஒன்றல்ல. சாய்வாகப் பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் கூடும். சிலுவையை வெளிப்பரப்பில் மட்டுமே படிக்கப் பழக்க வேண்டும். நேசியான், அகாந்தியான் (மூக்கடியில் உள்ள எலும்பு முனை), கண்ணின் வெளி ஓரம் ஆகிய புள்ளிகளைக் கண்ணால் பார்த்துக் குறிக்காமல், சிறு ஈயத் துணுக்கை ஒட்டி ஒரு படம் எடுத்துச் சரிபார்த்தபின் குறிப்பதே பத்திரம். மேலும், நோயாளியிடம் விரலால் தடவித்தான் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பாதிப் பயிற்சியையாவது ஃபேன்டத்தின் மேல் மெல்லிய துணி போட்டு நடத்தலாம்.

ரீஸில் கன்னம், மூக்கு, முகவாய் மூன்றும் டிடெக்டரைத் தொட வேண்டும். அகாந்தியானிலிருந்து காதுத்துளைக்குப் போகும் கோடு செங்குத்து, தலையின் நடுத்தளம் டிடெக்டரோடு 53 டிகிரி. நோயாளியின் மூக்கு நசுங்கிக் கொடுக்கும், ரெசின் மூக்கு கொடுக்காது. அது அச்சாணியாகி, கன்னம் தூக்கிக்கொள்ள, தலை உருண்டுவிடும். மூன்று புள்ளியை நம்பாமல் கோணமானியால் 53 டிகிரி வைத்து, பின்னால் மணல்பை கொடுத்து நிறுத்துவதே வழி. கதிர் கீழே உள்ள கண்குழியின் நடுவில் வெளியேற வேண்டும். ஆப்டிக் ஃபோரமென் (பார்வை நரம்புத் துளை) கண்குழியின் கீழ்-வெளிக் கால்பகுதியில் வந்தால் சரி. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் தலை திரும்பியதில் தவறு, மேல்-கீழாக நகர்ந்திருந்தால் அகாந்தியான்-காதுத்துளைக் கோட்டில் தவறு. இந்தப் பிழையைப் படிக்கப் பழகுவதற்காகவாவது ரீஸை விட்டுவிட வேண்டாம்.

எம்ஆர்ஐ-க்கு முன் கண்ணில் உலோகத் துகள் தேடும் படத்தில் சங்கதியே வேறு. பார்வையை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து, வெள்ளைப் புள்ளி கண்ணோடு நகர்கிறதா என்று பார்ப்பார்கள். டிடெக்டரிலோ இமேஜிங் பிளேட்டிலோ உள்ள தூசி இரண்டிலும் அதே இடத்தில் நிற்கும். ஃபேன்டத்தின் கண் அசையாது என்பதால் இந்தப் பயிற்சியே நடக்காது. கண்ணை அசைக்காமல் வைக்கச் சொல்லும் பக்குவமும் இதில் வராது. பிளேட்டைத் துடைக்கும் பழக்கத்தை வேண்டுமானால் கற்றுத்தரலாம்.

எக்ஸ்போஷரில் சிக்கல் இல்லை. 75 முதல் 80 கேவிபி (டியூபின் மின்னழுத்தம்), கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தட்டு), சிறிய ஃபோக்கல் ஸ்பாட், 100 செ.மீ. தூரம் என்ற வழக்கமான அமைப்பே போதும். சுத்தம் செய்வதில்தான் கவனம் வேண்டும். மாணவர்கள் கை வைத்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது துறையின் அனிச்சைப் பழக்கம். அக்ரிலிக் வகை ரெசினில் ஆல்கஹால் பட்டால் நாளடைவில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். குறியிடவும் மார்க்கர் பேனா வேண்டாம், உரித்தெடுக்கக்கூடிய ஸ்டிக்கர் புள்ளிகளே நல்லது.