ருவாண்டா கிராமத்து ஹெல்த் சென்டர்: டாக்டர் இல்ல, நர்ஸ் இருக்காங்க, அது போதுமா?

ருவாண்டாவுக்கு வேலைக்கு வர்ற நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வியே "அங்க உடம்புக்கு முடியலைன்னா என்னங்க பண்றது"தான். பதில் சொல்றவங்களும் தலைநகர் கிகாலில இருக்குற ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி பேரைச் சொல்லிட்டு நகர்ந்துடுறாங்க. நான் இருந்தது தெற்குல நியாமகாபே பக்கம், தேயிலைத் தோட்டம், மலைக்குப் பின்னாடி மலை, அங்கேர்ந்து கிகாலி போய் சேர்றதுக்குள்ள பாதி நாள் ஓடிடும். அதனால எனக்குப் பழக்கமானது ஊர்ல இருக்குற அரசாங்க ஹெல்த் சென்டர்தான், ரிவ்யூவும் அதுக்குத்தான்.

முதல்ல ஒண்ணு, அங்க போய் டாக்டர் எங்கன்னு தேடாதீங்க. ஓபி பாக்குறது, மருந்து எழுதுறது, பிரசவம், தடுப்பூசி, எச்ஐவி மாத்திரை, குடும்பக் கட்டுப்பாடு, எல்லாம் நர்ஸ்தான். டாக்டர் உக்காந்திருக்குறது டிஸ்ட்ரிக்ட் ஆஸ்பத்திரில, ஹெல்த் சென்டர் நர்ஸ் எழுதிக் குடுத்தாதான் அங்க போகணும் (எமர்ஜென்சின்னா இந்த ரூல் கிடையாது). நர்ஸ்லயே ஏ2, ஏ1, ஏ0ன்னு படிப்பு வாரியா தரம் இருக்கு. ஏ1 டிப்ளமோ, ஏ0 டிகிரி. ஏ2ங்கிறது பழைய ஸ்கூல் லெவல் படிப்பு, அதை கொஞ்ச வருஷம் நிறுத்தி வச்சிருந்தாங்க, அந்தப் பழைய ஆளுங்க நிறைய பேரு வேலை பாத்துக்கிட்டே படிச்சு ஏ1 ஆனவங்க, அந்த அனுபவம் கை வைக்கும்போதே தெரியும்.

எனக்கு ஒரு தடவை நல்ல காய்ச்சல். நர்சம்மா டெம்பரேச்சர், பிரஷர் பாத்துட்டு நேரா கேட்டது கிழக்குப் பக்கம் எங்கயாவது போய் தங்கினீங்களா, கொசுவலை கட்டுறீங்களான்னுதான், ஏன்னா அந்தப் பக்கம் தாழ்வான ஊரு, மலேரியா ஜாஸ்தி. அப்புறம் விரல்ல குத்தி ரத்தத்தை கண்ணாடில தடவி லேபுக்கு அனுப்பிட்டாங்க. சும்மா ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்களேன்னு கேட்டதுக்கு ஒரு சிரிப்பு, "லேப் வரட்டும்", அவ்ளோதான். ரிசல்ட் மலேரியா இல்லைன்னு வந்துச்சு, பாரசிட்டமால் மட்டும் குடுத்து, குறையலைன்னா திரும்ப வாங்கன்னு அனுப்பிட்டாங்க. கேட்டதும் ஊசி போட்டு விடுற க்ளினிக் எத்தனையோ பாத்தாச்சு, இந்த கறார் எனக்குப் புடிச்சிருந்துச்சு.

காசு விஷயம். அந்த ஊர்க்காரங்களுக்கு மித்துவேலின்னு இன்சூரன்ஸ். நான் இருந்தப்போ பெரும்பாலானவங்களுக்கு தலைக்கு வருஷம் 3,000 பிராங்க், ரொம்ப ஏழைங்களுக்கு அரசாங்கமே கட்டிடும், வசதியானவங்களுக்கு 7,000. கட்டிட்டா ஹெல்த் சென்டர்ல ஒரு தடவைக்கு 200 பிராங்க், ஆஸ்பத்திரின்னா பில்லுல பத்து சதவீதம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்ல எல்லாருக்கும் சேர்த்துக் கட்டணும், நான் மட்டும் கட்டிக்கிறேன்னா ஒத்துக்க மாட்டாங்க, ஏழு பேர் இருக்குற வீட்ல 21,000 ஆச்சு, தேயிலை பறிக்கிறவங்களுக்கு அது லேசான காசு இல்ல. அதுக்காகவே இகிமினான்னு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா போட்டு சேர்ப்பாங்க, நம்ம சீட்டு மாதிரிதான். என்னை மாதிரி வெளிநாட்டுக்காரங்க முழு ரேட் குடுக்கணும், குடுத்தேன், அதுவும் தனியார் க்ளினிக் கேக்குறதுல பாதிகூட வரல.

எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருந்தது ஹெல்த் சென்டருக்கும் கீழ இருக்குற ஆளுங்கதான். ஒவ்வொரு கிராமத்துலயும் ஊரே சேர்ந்து தேர்ந்தெடுத்த சுகாதாரத் தொண்டருங்க இருக்காங்க, நான் இருந்தப்போ ஒரு ஆம்பளை ஒரு பொம்பளைன்னு ஜோடியா, கர்ப்பிணிகளைப் பாக்க தனியா இன்னொருத்தங்க. நர்சும் இல்ல ஒண்ணும் இல்ல, விவசாயம் பண்றவங்க, பயிற்சி குடுத்து ஒரு மருந்துப் பொட்டியும் குடுத்திருக்காங்க. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல்னு ஒரு சாயங்காலம் எங்க ஊர் தொண்டரம்மா வந்தப்போ நான் கூட நின்னு பாத்தேன். குழந்தை சட்டையைத் தூக்கிவிட்டு, டைமரை ஆன் பண்ணி, ஒரு நிமிஷம் முழுசா நெஞ்சு ஏறி இறங்குறதை வாய்க்குள்ளயே எண்ணினாங்க, நடுவுல குழந்தை அழுதுச்சா, திரும்ப ஒண்ணுலேர்ந்து. ஒரு வயசுக்குக் கீழன்னா அம்பது, அதுக்கு மேலன்னா நாப்பது தாண்டினா நிமோனியா கணக்குல எடுத்து அமாக்சிசிலின் குடுக்கணும். இந்தக் குழந்தைக்கு தாண்டல. அப்புறம் கையில ஒரு கலர் டேப்பை சுத்தி சத்துக் குறைவு இருக்கான்னு பாத்தாங்க, பச்சையில நின்னுச்சு, ரெண்டையும் நோட்ல எழுதிக்கிட்டு கிளம்பிட்டாங்க. மலேரியா டெஸ்ட், பேதிக்கு ஓஆர்எஸ், ஜிங்க் மாத்திரை எல்லாம் அந்தப் பொட்டியிலயே இருக்கு. கர்ப்பிணி விவரத்தை போன்ல எஸ்எம்எஸ் அனுப்புற முறை 2009ல வடக்குல இருக்குற முசான்ஸேல ஆரம்பிச்சு நாடு பூரா வந்துச்சு. இவங்களுக்கு சம்பளம்னு ஒண்ணு கிடையாது, வேலையைப் பாத்து அவங்க கூட்டுறவு சங்கத்துக்கு ஒரு தொகை வரும், அதுல ஆடு மாடு வாங்கி ஏதோ பண்றாங்க. இது நியாயமான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வேன்.

பலன் இல்லாம இல்ல. ருவாண்டாவோட தேசிய சர்வேலயே 2000ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,071 தாய்மார் இறந்துக்கிட்டு இருந்தாங்க, 2019-20 சர்வேல அது 203. 2000ல நாலுல ஒரு பிரசவம்தான் ஹெல்த் சென்டர்லயோ ஆஸ்பத்திரிலயோ நடந்துச்சு, 2019-20ல 93 சதவீதம். 1994 இனப்படுகொலைல டாக்டர், நர்ஸ் நிறைய பேர் செத்து, மிச்சத்துல நிறைய பேர் ஓடிப்போன நாடு இது, அங்கேர்ந்து இவ்ளோ தூரம்.

பிரசவத்துல ரத்தம் ஜாஸ்தி போச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு ட்ரோன்ல ரத்தம் வருது, ஜிப்லைன் கம்பெனி 2016ல முஹாங்காலேர்ந்து ஆரம்பிச்சாங்க, பாராசூட்ல ஒரு அட்டைப் பொட்டி வந்து விழும். எல்லா யூட்யூப் வீடியோலயும் இதான் வரும், ஆனா அந்த பொம்பளையை ஹெல்த் சென்டர்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு நேரத்துல முடிவெடுக்குறது ராத்திரி ட்யூட்டி நர்ஸ், அவங்களை யாரும் வீடியோ எடுக்கல.

இனி குறை. அந்த ராத்திரி ட்யூட்டிதான் பெரிய குறையே. நான் போன சென்டர்ல (பேரு வேணாம்) ராத்திரில பிரசவ அறை, வார்டு, வாசல்ல வர்ற அடிபட்ட கேஸ் எல்லாத்துக்கும் ஒரே நர்ஸ் நின்னதைப் பாத்திருக்கேன், பிரசவ வலில ஒருத்தி கத்திக்கிட்டிருக்கும்போது மோட்டோவுல (பைக் டாக்ஸி) விழுந்து தலை உடைஞ்சு ஒருத்தன் வர்றான், யாரைப் பாப்பாங்க. திங்கக்கிழமை காலைல போனா மத்தியானம் வரைக்கும் பெஞ்சுதான், அதுலயும் லேப் ஆள் சாப்பிடப் போயிட்டா அவ்ளோதான். மருந்து தீந்துபோச்சுன்னா வெளிய தனியார் பார்மசில வாங்கிக்கோங்கன்னு சீட்டு எழுதிடுவாங்க, நான் இருந்தப்போ அங்க மித்துவேலி செல்லாது, 200 பிராங்க்ல முடியும்னு நம்பி வந்தவங்க முகம் அப்போ பாக்க முடியாது. நல்லா தேறின நர்ஸ் கொஞ்ச நாள்ல கிகாலிக்கோ தனியார் ஆஸ்பத்திரிக்கோ போயிடுறாங்க, மலை மேல யாரு நிப்பா. 2023ல மருத்துவப் பணியாளர் எண்ணிக்கையை நாலு வருஷத்துல நாலு மடங்காக்குறோம்னு அரசாங்கம் திட்டம் போட்டிருக்கு, அதுல எத்தனை பேர் மலை ஏறுவாங்கங்கிறதுதான் கேள்வி.

மார்க் போடணும்னா நர்சுங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, அவங்களை வேலை வாங்குற விதத்துக்கு ரெண்டரை.

புதுசா வர்றவங்களுக்கு: ஆம்புலன்ஸ் நம்பர் 912. பிரெஞ்சோ இங்கிலீஷோ நர்சுங்களுக்கு ஓரளவு வரும், வயசானவங்ககிட்ட அந்த ஊர் மொழி கினியருவாண்டாதான் ஓடும், தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. வார்டுல படுத்தா சாப்பாடு வெளியேர்ந்து நம்ம ஆள்தான் கொண்டு வரணும், அதுக்கும் ஆள் பாத்து வச்சுக்கோங்க. வீட்ல வேலைக்கு ஆள் வச்சிருந்தீங்கன்னா ஜூலை மாசம் புது வருஷக் கணக்கு ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அவங்க குடும்பத்துக்கு மித்துவேலி கட்டியாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க, கட்டலைன்னா நீங்களே கட்டிடுங்க.