பழைய நோவாவுக்குள் எந்த வி8: 5.3 எல்எஸ்ஸா, 350-ஆ?

1972 ஷெவர்லே நோவா, 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த வண்டி. குறைந்த செலவில் வி8 போடுவது என்று முடிவானதும் கையில் இருந்தது இரண்டே வழி. ஒன்று, பழைய வண்டி யார்டுகளில் சில்வராடோ, டாஹோ வண்டிகளிலிருந்து கழற்றிக் கிடக்கும் 5.3 லிட்டர் எல்எம்7, ஜிஎம்மின் எல்எஸ் குடும்பத்து எஞ்சின். மற்றது, 1996 முதல் பிக்கப்களில் வந்த 350 கன அங்குல வோர்டெக் 350, அதாவது எல்31. நான் 350 போட்டேன், இன்றும் என் ஓட்டு அதற்குத்தான்.

சக்தியில் 5.3 தான் மேல்: கம்பெனி கணக்கில் 270 முதல் 295 குதிரைத்திறன், 350-க்கு 255. குளிரில் சட்டென்று கிளம்புவதும் 5.3 தான். சரி, அதை விடுங்கள்.

காசைக் கரைப்பது எஞ்சின் இல்லை, பெட்ரோல் அதற்கு வந்து சேரும் வழி. நான் 350-இல் மாட்டிய கார்புரேட்டருக்கு 5-7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனில் ஓடும் 5.3-க்கு 58 வேண்டும். அப்படியென்றால் பழைய பம்ப், பழைய ரப்பர் ஹோஸ் எதுவும் தேறாது. அதோடு முடியவில்லை. அந்தக் காலத்து டேங்கில் பம்பைச் சுற்றித் தடுப்பு கிடையாது, பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் அந்த நொடியைச் சமாளித்துவிடும், இன்ஜெக்‌ஷன் வண்டி அங்கேயே திணறும். 1999-2003 கார்வெட்டின் ஃபில்டரை டேங்க் பக்கத்தில் மாட்டினால் அழுத்தக் கட்டுப்பாடும் அதற்குள்ளேயே வந்துவிடும், நல்ல மலிவு வழிதான், ஆனால் டேங்க் பிரச்சினை அப்படியே நிற்கும். இதற்கு மேல் வயரிங், கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்குவது, எஞ்சினுக்குக் கீழே குறுக்கே போகும் கிராஸ்மெம்பரில் இடிக்கும் ஆயில் பேன், மவுன்ட் பிளேட் என்று பில் நீண்டுகொண்டே போகும்.

350-உம் அப்படியே உள்ளே போய் உட்காராது. வோர்டெக் ஹெட்டுக்கென்றே தனி இன்டேக் மேனிஃபோல்ட் வாங்க வேண்டும், எஞ்சினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டும் பழையது சேராது. இந்த பிளாக்குகள் பலவற்றில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் மாட்ட இடமே இருக்காது, அதனால் குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று. ஆனால் இருந்த கியர்பாக்ஸ் நேராகப் பொருந்தியது, டேங்கில் கை வைக்கவே இல்லை. உரசாமல் உருளும் ரோலர் கேம் என்பதால், பழைய வகை கேமுக்குத் தேவைப்படும் துத்தநாகம் கலந்த ஆயிலைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

5.3 போட்ட வண்டி என்று நண்பருடைய ஷெவர்லே ஷெவெல்லை மட்டும் கொஞ்ச தூரம்தான் ஓட்டியிருக்கிறேன், நெடுஞ்சாலை மைலேஜைப் பற்றி அதை வைத்துப் பேசுவது நியாயமில்லை. டர்போ போடும் எண்ணம் இருந்தால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்கு இல்லை, கண்ணை மூடிக்கொண்டு 5.3 எடுங்கள்.

எடுப்பதானால் எஞ்சினோடு வயரிங் ஹார்னஸ், கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றி வாங்குங்கள். அப்புறம் இன்டேக்கைத் தூக்கி, எஞ்சின் தட்டுவதை உணரும் பின்பக்க நாக் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருந்தால் சென்சாருக்கான காசையும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.