எலக்ட்ரிக் மவுன்டன் பைக்குக்கு வெளிய பேட்டரி வாங்கப் போறீங்களா? என் ஒரு மாச சம்பளம் போச்சு, இத படிச்சுட்டு முடிவு பண்ணுங்க

இப்பதான் எனக்கு பேட்டரி வித்தவங்களோட கடைசி மெசேஜ் வந்துச்சு, கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆறப்போட்டா எழுத மாட்டேன், அதுக்குள்ள இன்னொருத்தர் அதே பேட்டரிய ஆர்டர் போட்டுருவாங்க.

என் பைக்ல பழைய பேட்டரி வீக் ஆயிடுச்சு, ஃபுல் சார்ஜ்ல கிளம்பினாலும் பாதி ஏத்தத்துல கைய விரிச்சிடும். கம்பெனி பேட்டரி ஸ்டாக் இல்லன்னாங்க, சரின்னு பல பேர் கடை போட்டு விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல தேடி ஒண்ணு பாத்தேன். 36 வோல்ட், 14 ஆம்பியர் ஹவர், டவுன் டியூப்ல, அதாவது ஃபிரேம்ல கீழ சாய்வா போற குழாய்ல, சாவி போட்டு கழட்டி மாட்டுற டைப். விலை சரியா என் ஒரு மாச சம்பளம். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணும் வாங்கல. பழைய பேட்டரிய நீளம் அகலம் அளந்து, ஃபிரேம்ல இருக்குற கனெக்டரையும் லாக்கையும் போட்டோ எடுத்து விக்கிறவருக்கு அனுப்பி கேட்டேன். அந்த ஆளு பொறுமையா கனெக்டர்ல எத்தன பின், லாக் எந்தப் பக்கம்னு எல்லாம் விசாரிச்சுட்டு, "நானே செக் பண்ணிட்டேன் சார், உங்க ஃபிரேமுக்கு அப்படியே உக்காரும், எதுவும் மாத்த வேணாம்"னு சொன்னாரு. இவ்ளோ விவரமா கேக்குறவரு பொய் சொல்ல மாட்டாருன்னு நம்பி அந்த நிமிஷமே பணத்த கட்டிட்டேன். ஒரு மாச சம்பளம்ங்க.

பேட்டரி வந்துச்சு. என் பைக்ல கீழ கனெக்டர் பக்கத்த முதல்ல வச்சு, அப்புறம் மேல லாக் பக்கத்த அமுக்கணும், பழசு 'டக்'குனு உக்காரும். இதுக்கு அந்த சத்தமே வரல. உள்ளங்கையால ஓங்கி அமுக்குனாதான் லாக் பிடிக்குது, பிடிச்ச பிறகும் கீழ ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி, கல்லுப் பாதைல இறங்கினா கடகடன்னு ஆடுது. கேட்டா, "புதுசுல அப்படித்தான் சார் டைட்டா இருக்கும், ஆட்டத்துக்கு உள்ள ஃபோம் டேப் ஒட்டுங்க"ன்னாரு. ஒட்டினேன், சத்தம் நின்னுச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். அந்த சத்தம் ஒண்ணுதான் பேட்டரி சரியா உக்காரலன்னு எனக்கு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, அத அடைக்க வச்சுட்டாங்களே அதுதான் வயிறு எரியுது. டேப்போட தடிமன்ல லாக் நாக்கு இன்னும் பாதிதான் உள்ள போயிருக்கு.

ஏத்தத்துல மோட்டார் 15 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். பின்னு முழுசா இறங்காம நுனில மட்டும் தொட்டுக்கிட்டு இருந்தா ஒவ்வொரு குலுங்கலுக்கும் விட்டு விட்டு தொடும், அப்பல்லாம் தீப்பொறி, அந்த இடம் கருகும், கருகினா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினா இன்னும் சூடு. ரெண்டாவது வாரத்துல டிஸ்ப்ளே ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வந்துச்சு. சொன்னேன். "வீடியோ அனுப்புங்க." அனுப்பினேன். "வெளிச்சம் பத்தல, மறுபடி எடுங்க." எடுத்தேன். "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." ஒருத்தரும் கூப்பிடல. அப்புறம் "மவுன்ட் போல்ட்ட லூஸ் பண்ணி பிளேட்ட நகர்த்துங்க"ன்னாங்க, பேட்டரிய ஃபிரேம்ல தாங்குற அந்த பிளேட்டு ஏற்கனவே அதோட நீளத் துளைல கடைசி வரைக்கும் தள்ளித்தான் இருக்கு, இனிமே எங்க நகர்த்துறது? அலைன்மென்ட் பிரச்சனையே இல்ல அது, அளவே வேற. இப்படியே இழுத்தடிச்சு தளத்தோட ரிட்டர்ன் நாள முடிய விட்டுட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை இறக்கத்துல லாக் விட்டு பேட்டரி மொத்தமா கழண்டு பாறைல விழுந்துச்சு. பின்னால வந்த என் தம்பி எப்படியோ ஒதுங்கிட்டான். எடுத்துப் பாத்தா கேஸ் விரிசல், ஒரு பின் கன்னங்கரேல்னு, அத சுத்தி பிளாஸ்டிக் உருகிப் போயிருக்கு. சார்ஜ் பைக்லயே போடுறதால டேப் ஒட்டினதுக்கப்புறம் அதுவரைக்கும் கழட்டிப் பாக்கல.

இன்னைக்கு வந்த பதில்: "கீழ விழுந்த பேட்டரிக்கு வாரண்டி கிடையாது." லாக் ஆகாததாலதானய்யா விழுந்துச்சு! தளத்துக்காரங்க "விற்பனையாளர்கிட்ட பேசுங்க"ங்குறாங்க. திருப்பி அனுப்பலாம்னா லித்தியம் பேட்டரி யூஎன் 3480ன்னு ஆபத்தான சரக்கு வகை, அதுலயும் அடிபட்டத கூரியர்ல யாரும் தொட மாட்டேங்குறாங்க. ஒரு மாச சம்பளம் மொட்டமாடில கிடக்கு, உள்ள செல் நசுங்கியிருந்தா எப்ப வேணா தீப்பிடிக்கும்னு வீட்டுக்குள்ள கொண்டு வரல.

மாட்டுறத பத்தி விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. இத மட்டும் பாருங்க. மாட்டும்போது பவர் ஆஃப்ல இருக்கணும். சாவி லேசா திரும்பணும், 'டக்'குனு கேக்கணும், கேக்கலன்னா அடிச்சு உக்கார வைக்காதீங்க. மவுன்ட் போல்ட்ட லூஸா விட்டு, பேட்டரிய மாட்டி அது தானா உக்கார்ற இடத்துல பிளேட்ட நிறுத்தி, அப்புறம் கழட்டி போல்ட்ட டைட் பண்ணுங்க. முதல் ரைடு முடிஞ்சதும் கழட்டி பின் கருத்திருக்கான்னு பாருங்க. ஃபோம் டேப் ஒட்டச் சொன்னா அன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க, வீடியோ எடுத்து அனுப்பிக்கிட்டு நாள கடத்தாதீங்க.