சென்னை வீட்டில் ஆயில் பெயின்ட்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் ஒரு சாதாரண ஃபிளாட்டின் பின்னறையில் பல ஆண்டுகளாக ஆயில் பெயின்ட்டில் வரைகிறேன். பெரும்பாலும் உருவப்படங்கள். அறையில் ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், அவ்வளவுதான். முன்பு அக்ரிலிக் பயன்படுத்தினேன். ஃபேன் ஓடினால் அது பேலட்டிலேயே காய்ந்துவிடும். ஆயிலில் அந்த அவசரம் இல்லை. நேற்று மாலை விட்டுப்போன கன்னத்து நிழலை இன்று காலை வந்து மெதுவாகக் கலைத்துச் சேர்க்கலாம். முகம் வரைகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே ஆயிலைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் அது எப்படிக் காய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். தண்ணீர் ஆவியாகிற மாதிரி இது உலர்வதில்லை. இதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. அதிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேகம். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு மண் நிறத்தில் இயல்பாகவே மாங்கனீசு இருப்பதால் ஓரிரு நாளில் தொட்டுப் பார்க்கலாம். டைட்டானியம் ஒயிட், காட்மியம் ரெட், ஐவரி பிளாக் எல்லாம் ஒரு வாரம்கூட இழுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் சீக்கிரம் இறுகுவது, ஐப்பசி மழையில் ஈரக்காற்று அடிக்கும்போது இன்னும் தள்ளிப்போகும். அதனால் நான் முதல் அடுக்கை எப்போதும் அம்பரில்தான் போடுகிறேன், கொஞ்சம் டர்பன்டைன் விட்டு மெலிதாக. மேலே போகப்போக எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது. மெதுவாக இறுகும் அடுக்கு கீழேயும் சீக்கிரம் இறுகுவது மேலேயும் இருந்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

தேங்காய் எண்ணெய் கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம், அது எத்தனை வருஷம் ஆனாலும் காயாது. பிரஷ் கழுவ மட்டும் அது அருமை: துணியில் பெயின்ட்டைத் துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் அலசி, பிறகு சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவிவிட வேண்டும். டர்பன்டைனில் கழுவாததால் அதன் நெடி வீட்டுக்குள் பாதியாகக் குறையும்.

டியூப் வாங்கும்போது நிறத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். ‘காட்மியம் எல்லோ ஹியூ’ என்று போட்டிருந்தால் உள்ளே காட்மியம் இருக்காது. டைட்டானியம் ஒயிட் என்றால் பி.டபிள்யூ. 6 இருக்க வேண்டும். பல டியூப்களில் பி.டபிள்யூ. 4, அதாவது துத்தநாக வெள்ளையும் கலந்திருக்கும். துத்தநாகம் காலப்போக்கில் படலத்தை நொறுங்க வைக்கும் என்பதால் நான் தவிர்க்கிறேன். அலிசரின் கிரிம்ஸன் பி.ஆர். 83 என்றால் வெளிச்சத்தில் மங்கும். உதட்டுச் சிவப்புக்கு அதை நம்ப முடியாது. அதன் இடத்தில் பி.வி. 19, அதாவது குயினாக்ரிடோன் நிறமி வைத்திருக்கிறேன்.

இருபத்து நான்கு டியூப் கொண்ட மலிவான செட்டைவிட நல்ல ஆறு டியூப் மேல். மண் நிறங்களுக்கு நம் ஊர் கேமல் டியூபே எனக்குப் போதுமாக இருக்கிறது. வெள்ளை, காட்மியம், நீலம் ஆகியவற்றுக்குத்தான் காசு செலவழிக்கிறேன். வின்சர் அண்ட் நியூட்டனில் மாணவர்களுக்கான விண்டன் வரிசையையும் ஓவியர் வரிசையையும் பக்கத்தில் வைத்துத் தீட்டினால், பின்னதில் நிறமி எவ்வளவு அடர்த்தி என்று கண்ணுக்கே தெரியும். பாதி அளவில் வேலை முடிந்துவிடும்.

நம் ஊர்க் காற்றில் பெரிய தொல்லை பூஞ்சை. மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டி மாட்டிய கான்வாஸின் பின்புறம் சாம்பல் புள்ளிகள் வரும். சட்டத்தின் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுப்போக இடம் விட்ட பிறகு எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முடித்த படத்தை அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளடிக்கும். அப்படி ஆன படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும், பயப்பட வேண்டாம். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். தடித்த பூச்சு என்றால் ஒரு வருஷம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியாவதுதான் காரணம். தண்ணீரில் நனைத்து, பால்கனியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு, ஜன்னல் திறக்க முடியாத அறை என்றால் தண்ணீரில் கலக்கும் ஆயில் வகைகளை எடுக்கலாம். ராயல் டேலன்ஸின் கோப்ரா, வின்சர் அண்ட் நியூட்டனின் ஆர்ட்டிசன் இரண்டும் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றுக்கு டர்பன்டைனே தேவையில்லை, காயும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட அதேதான்.